குட்டி மூத்திரம் விட்டதா?

பஞ்சகவ்யத்துக்குக் கோமியம் பிடிக்க விடியற்காலையிலேயே வாளியோடு மாட்டின் பின்னால் நிற்கிறோம். ஆனால் நேற்று ராத்திரி பிறந்த கன்றோ குட்டியோ முதல் மூத்திரம் விட்டதா, எப்போது விட்டது, எந்த வழியாக விட்டது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. எழுந்து நின்றதா, மடியைத் தேடிப் போனதா, தாய் நஞ்சுக்கொடி போட்டதா, இந்த மூன்றையும் பார்ப்போம். நாலாவதைப் பார்ப்பதில்லை. அந்த நாலாவதால் உயிர் போகும் குட்டிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. முக்கியமாகக் குதிரைக்குட்டி. அதோடு சேர்த்துக் கன்று, வெள்ளாட்டுக் கிடாக்குட்டி.

உழவர் இதழில் குதிரைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோவில் திருவிழாவில் கூடுகிற குதிரைச் சந்தைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராது. அங்கே வாங்குகிறவர்களில் விவசாயிகளும் உண்டு. சென்னையைச் சுற்றிக் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்கள், கடற்கரையில் சவாரி விடுகிறவர்கள், பண்ணை வீட்டில் ஆசைக்கு ஒரு பெட்டைக்குதிரை கட்டியிருப்பவர்கள் என்று பலர் இருக்கிறார்கள். அந்தப் பண்ணை வீட்டுக் கொட்டகையில் குதிரையைப் பார்த்துக்கொள்வது யார்? முன்பு அதே நிலத்தில் ஏர் ஓட்டியவராகவோ மாடு மேய்த்தவராகவோ இருப்பார். மாட்டுப் பழக்கத்தை வைத்துத்தான் அவர் குதிரையையும் பார்ப்பார். பிரசவ விஷயத்தில் இரண்டும் ஒன்று இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் வயிற்றுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வோம். குதிரை ஏறக்குறைய 11 மாதம் சுமக்கிறது. அந்தக் காலத்தில் குட்டியின் சிறுநீரகம் சும்மா இருப்பதில்லை, மூத்திரம் ஊறிக்கொண்டேதான் இருக்கும். அந்த மூத்திரத்தில் பெரும்பகுதி குட்டியின் மூத்திரப்பை உச்சியிலிருந்து தொப்புள் வழியாக ஒரு மெல்லிய குழாயில் வெளியேறி, கருவைச் சுற்றியுள்ள பையில் போய்ச் சேரும். இந்தக் குழாய்க்கு மருத்துவத்தில் யுராக்கஸ் என்று பெயர். நாம் தொப்புள் மூத்திரக்குழாய் என்று சொல்லிக்கொள்ளலாம். தொப்புள்கொடிக்குள் ரத்தக்குழாய்கள் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், கூடவே இதுவும் போகிறது. குட்டி வெளியே வந்து கொடி அறுந்ததும் இந்த வழி தானாகச் சுருங்கி மூடிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு மூத்திரம் முன்வழியாகத்தான் வர வேண்டும். அதுவரை மதகு திறந்திருந்த ஏரிக்கு, ஒரே நாளில் அந்த மதகை அடைத்துவிட்டுப் புதுக் கலங்கல் வழியாகத் தண்ணீர் விடுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். புது வழி சரியாக ஓட வேண்டும், பழைய வழி கசியக் கூடாது, கரை உடையக் கூடாது.

கரை உடைவது எப்படி? பிரசவ நேரத்தில் குட்டியின் மூத்திரப்பை நிறைந்திருந்து, தாயின் இடுப்பெலும்புக்குள் அழுத்தப்படும்போது கிழியலாம். ஆண்குட்டிக்கு வெளியேறும் பாதை நீளம், குறுகலும் கூட. அழுத்தம் வரும்போது சட்டென்று வடிய முடியாது. அதனால் ஆண்குட்டிகளில் இது அதிகம் என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். பெண்குட்டிக்கு வராது என்று அர்த்தமில்லை. கிழிசல் பெரும்பாலும் பையின் மேல்பக்கச் சுவரில் இருக்கும். பிரசவத்தில் தப்பித்த குட்டிக்கும் இது வரலாம். ரத்தத்தில் கிருமி ஏறிப் படுத்தே கிடக்கிற குட்டிக்குப் பை நிரம்பி, நிரம்பி, சுவர் நைந்து விட்டுப்போகும். தொப்புளில் சீழ் பிடித்து அந்தப் பழைய குழாயே உள்ளுக்குள் ஓட்டையாவதும் உண்டு. இவை சில நாட்கள் கழித்துத் தலைகாட்டும். பிறவியிலேயே குழாய் சரியாகச் சேராத குட்டிகள் அபூர்வம்.

நல்ல குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கும், இரண்டு மணி நேரத்தில் மடியில் வாய் வைக்கும். மூத்திரத்துக்கு இவ்வளவு அவசரம் கிடையாது. ஆண்குட்டி முதல் மூத்திரம் விடச் சுமார் 6 மணி நேரம் ஆகும், பெண்குட்டிக்கு 10 மணி நேரம்கூட ஆகலாம். கன்று சீக்கிரம் விட்டுவிடுமே என்று மாட்டுக் கணக்கில் பதறவும் வேண்டாம். 'விடும் விடும்' என்று 12 மணி நேரத்துக்கு மேல் சும்மா உட்காரவும் வேண்டாம்.

இந்த நோயின் கள்ளத்தனம் ஒன்று இருக்கிறது. பை கிழிந்த குட்டி முதல் நாள் நன்றாகவே இருக்கும். ஓடும், பால் குடிக்கும். நம் முகத்தில் சந்தோஷம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோதான் சோர்வு தட்டும். பால் குடிப்பது குறையும், தாயின் மடி கட்டிக்கொண்டு பால் சொட்டும். குட்டி அடிக்கடி காலைப் பரப்பி நின்று முக்கும். வருவது சில சொட்டு, இல்லாவிட்டால் மெல்லிய ஒரு கோடு. வயிறு இரண்டு பக்கமும் பேரிக்காய் மாதிரி கீழே தொங்கிப் பெருக்கும். ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் அலை ஓடும்.

'மூத்திரம் வருதே, அப்புறம் என்ன?' என்று ஏமாந்துபோகிற இடமும் இதுதான். பையில் ஓட்டை இருந்தாலும் கொஞ்சம் முன்வழியாக வரும். ஆகவே விட்டதா இல்லையா என்பதோடு நிறுத்தாமல், எவ்வளவு விட்டது என்றும் பார்க்கணும். தண்ணீர் மாதிரி வெளிறிய மூத்திரம், தாராளமாக, அடிக்கடி விட வேண்டிய வயது அது. நன்றாகப் பால் குடிக்கிற 30 கிலோ குட்டி ஒருநாளில் 4 லிட்டருக்கு மேலேயே விடும். அத்தனையும் வெளியே வராவிட்டால் எங்கே போகிறது? வயிற்றுக்குள் குடலைச் சுற்றித் தேங்குகிறது.

இன்னொரு குழப்பம், மலச்சிக்கல். பிறந்த குட்டி முதலில் கருப்பாக, பிசின் மாதிரி கெட்டியாக லத்தி போடும். அது சில மணி நேரத்தில், அதிகபட்சம் ஒருநாளுக்குள் வெளியேறிவிட வேண்டும். வராவிட்டால் அதற்கும் குட்டி முக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல முதுகைப் பாருங்கள். லத்திக்கு முக்குகிற குட்டி முதுகை மேலே வளைத்து, வாலைத் தூக்கி, கால்களை உள்ளே இழுத்துக் கூனி நிற்கும். மூத்திரத்துக்கு முக்குகிற குட்டி முதுகைக் கீழே தொய்யவிட்டு, பின்னங்கால்களைப் பின்னால் நீட்டிப் பரப்பி நிற்கும். நூற்றுக்கு நூறு சரியான அடையாளம் இல்லை. ஆனால் மருத்துவருக்குப் போனில் இதைச் சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

வயிற்றில் மூத்திரம் தேங்கினால் ஏன் சாகிறது? நாற்றம் பிடித்து, சீழாகித்தான் சாகும் என்று நினைப்போம். அதற்கு முன்பே வேறொன்று முடித்துவிடுகிறது. குதிரைப்பாலில் சோடியம் உப்பு குறைவு, பொட்டாசியம் அதிகம். பால் மட்டுமே குடிக்கிற குட்டி, மிஞ்சும் பொட்டாசியத்தை மூத்திரத்தில்தான் வெளியே தள்ள வேண்டும். இப்போது அந்த மூத்திரம் வயிற்றுக்குள்ளேயே நிற்கிறது. உட்சவ்வு வழியாகப் பொட்டாசியம் மறுபடி ரத்தத்துக்குத் திரும்புகிறது, ரத்தத்தில் இருந்த சோடியமோ வயிற்று நீருக்கு இறங்கிவிடுகிறது. சோடியம் தாழ்ந்தால் மூளை வீங்கி வலிப்பு வரும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகும்.

நம் வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மூத்திரம் சரியாகப் போகவில்லை என்றதும் நம் கை எங்கே போகும்? இளநீர். வாழைத்தண்டுச் சாறு. மனிதருக்கும் மாட்டுக்கும் பல நேரம் நல்லதுதான், நானும் வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை. ஆனால் இரண்டிலும் பொட்டாசியம் நிறைய. பை கிழிந்த குட்டிக்கு இளநீர் புகட்டினால் எதனால் சாகப் போகிறதோ அதையே சங்கில் ஊற்றிக் கொடுத்த மாதிரி ஆகும். நெருஞ்சில், சிறுபீளைக் கஷாயமும் இங்கே வேண்டாம். அவை மூத்திரத்தைப் பெருக்கும். ஓட்டைப் பானையில் தண்ணீர் அதிகமாக ஊற்றி என்ன பயன்? கிழிந்த தசையைத் தைக்கிற மூலிகை கிடையாது. இதை ஒத்துக்கொள்வதால் நம் மரபு மருத்துவத்துக்கு ஒரு குறையும் வராது. காயத்துக்கும் கழிச்சலுக்கும் மடிநோய்க்கும் அது கைகொடுக்கிறது, இதற்கு இல்லை. அவ்வளவுதான்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பதற்றம் குறையும். ஸ்கேனில் வயிற்று நீரும், சுருங்கி மடங்கிய மூத்திரப்பையும் தெரியும். ஊசி வைத்து அந்த நீரைக் கொஞ்சம் எடுத்து, அதில் கிரியேட்டினின் எவ்வளவு, ரத்தத்தில் எவ்வளவு என்று ஒப்பிடுவார்கள். வயிற்று நீரில் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் அது மூத்திரம்தான் என்று முடிவு. வந்தவுடனே ஆபரேஷன் செய்யவில்லையே என்று சில பேர் சத்தம் போடுவார்கள். போடாதீர்கள். பொட்டாசியம் ஏறிய நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் மேசையிலேயே இதயம் நிற்கும். ஆகவே முதலில் வயிற்று நீரைக் குழாய் வைத்து மெதுவாக வடிப்பார்கள், பொட்டாசியம் இல்லாத உப்புநீரும் குளுக்கோஸும் நரம்பில் ஏற்றுவார்கள். சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்து ரத்தம் சமநிலைக்கு வந்த பிறகுதான் வயிற்றைத் திறந்து கிழிசலைத் தைப்பார்கள். தொப்புள் குழாயின் மிச்சத்தையும் பெரும்பாலும் அப்போதே வெட்டி எடுத்துவிடுவார்கள். கிழிசல் சின்னதாக இருந்தால் மூத்திரக்குழாயில் கதீட்டர் வைத்துப் பையைக் காலியாகவே வைத்திருந்து ஆறவிடுவதும் உண்டு. கிருமித்தொற்று இல்லாமல், சீக்கிரம் கொண்டுவந்த குட்டிகள் நன்றாகவே பிழைக்கின்றன. மற்றபடி பலம் எல்லாம் நாள் கணக்கில்தான்.

படப்பையிலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். 1903இல் தொடங்கிய கல்லூரி, பெரிய கால்நடைகளுக்குத் தனிப் பிரிவே உண்டு. தூரம் பெரிதில்லை. ஆனால் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் கம்பெனி பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் நிற்கிற வரிசையில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரம் போய்விடும். ஆகவே முதலில் 1962க்குப் போன், உள்ளூர் மருத்துவரிடம் பேச்சு, அவர் சொன்ன பிறகு வண்டி. ராத்திரியில் அறிகுறி தெரிந்தால் விடியட்டும் என்று இருக்காமல் ராத்திரியே கிளம்புவது நல்லது, சாலையும் காலியாக இருக்கும்.

தொப்புளுக்கு வருவோம். குட்டி பிறந்த ஒன்றிரண்டு நாளில் தொப்புள் காய வேண்டும். எப்போதும் ஈரமாக இருந்தாலோ, மூத்திரம் விடும்போது தொப்புளிலிருந்தும் சொட்டினாலோ பழைய மதகு மூடவில்லை என்று அர்த்தம். இது பை கிழிவது அளவுக்கு அவசரம் இல்லை, சில குட்டிக்குத் தானாகவே மூடிக்கொள்ளும். ஆனால் திறந்த வழி வெளியே மூத்திரம் விடுவதோடு நிற்காது. கிருமியை உள்ளேயும் விடும். பிறகு கால் மூட்டுகள் வீங்கிக் குட்டி நொண்டும். அந்த நிலைக்குப் போனால் மீட்பது கஷ்டம். சொட்டுகிற தொப்புளை மருத்துவரிடம் காட்டாமல் நூல் போட்டு இறுக்கக் கட்டக் கூடாது, கிருமி உள்ளே அடைபட்டுப்போகும்.

குதிரை படுத்துக் குட்டி போட்டதும் கொடியைக் கத்தியால் வெட்ட ஓடாதீர்கள். தாய் எழும்போதோ குட்டி நகரும்போதோ அறுபடும் இடத்தில் அதுவே அறுந்துகொள்ளும். தானாக அறுந்த கொடி நன்றாகச் சுருங்கும். பிறகு நீர்த்த போவிடோன் அயோடினோ 0.5 சதவீத குளோர்ஹெக்சிடினோ ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துத் தொப்புளை முக்கி எடுக்க வேண்டும். முதல் நாளில் மூன்று நான்கு தடவை. கெட்டியான டிங்சர் அயோடினை அப்படியே ஊற்றினால் தோல் வெந்து, அந்தப் புண்ணே கிருமிக்கு வழியாகும். தொப்புளில் சாணி பூசுவது, அடுப்புச் சாம்பல் அப்புவது இதையெல்லாம் நிறுத்தியே ஆகணும். இயற்கை விவசாயியாகத்தான் சொல்கிறேன், மண்ணுக்குப் போக வேண்டிய சாணியைத் தொப்புளில் பூசினால் வருவது ரணஜன்னி. வீட்டு விலங்குகளில் ரணஜன்னி குதிரையைத் தாக்குவது போல் வேறெதையும் தாக்குவதில்லை. சினைக்குதிரைக்குக் குட்டி போடுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு தடுப்பூசி போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு போகும். அந்தச் சீம்பாலும் முதல் 6 மணி நேரத்துக்குள் உள்ளே போயிருக்க வேண்டும். 24 மணி நேரம் கழித்து எவ்வளவு குடித்தாலும் அதன் எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் சேராது, குடல் கதவைச் சாத்திக்கொள்ளும்.

கன்றுக்கு வந்தால் இந்தப் பை கிழிகிற தொல்லை அபூர்வம். கொடி அறும்போது தொப்புள் மூத்திரக்குழாயும் ரத்தக்குழாய்களும் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால் தொப்புளில் மூத்திரம் சொட்டுவதும் குறைவு. தொப்புள் சீழ், மூட்டு வீக்கம், சீம்பால் போதாமை, இவைதான் கன்றின் எதிரிகள். இவற்றை நம் இதழ் வாசகர்கள் அறிவார்கள்.

படப்பைப் பக்கம் மூத்திரப்பை வெடித்துச் சாவது அதிகம் வெள்ளாட்டுக் கிடாக்களும் காளைக்கன்றுகளும்தான். பிறந்த மூன்று நாளில் வருவது இல்லை, சில மாதம் கழித்து வருவது. காரணமும் வேறு. மணிமங்கலம், கரசங்கால், சாலமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் மேய்ச்சல் நிலம் சுருங்கி மதில் சுவர் வளர்ந்திருக்கிறது. மேயாத ஆட்டுக்கு என்ன போடுவது? ஹோட்டல் மிச்சம், கேன்டீன் மிச்சச் சோறு, தவிடு, ரேஷன் அரிசிக் கஞ்சி. அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ், கால்சியத்தைவிடப் பல மடங்கு. வெள்ளைச் சோற்றிலும் கால்சியம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இதையே தின்று, மெல்ல வேண்டிய தழை குறைந்து, குடிக்கிற தண்ணீரும் குறைந்தால், மூத்திரத்தில் பாஸ்பேட் உப்பு மணல் மாதிரி படியும். பெட்டை ஆட்டுக்குப் பாதை அகலம், மணல் வெளியே போய்விடும். கிடாவுக்குப் பாதை நீளம். நடுவில் எஸ் மாதிரி இரண்டு வளைவு, நுனியில் புழு போன்ற ஒரு மெல்லிய குழாய். மணல் அங்கே சிக்கும். இரண்டு மாதத்திலேயே காயடித்த குட்டிக்கு அந்தப் பாதை வளராமலே போவதால் ஆபத்து இன்னும் அதிகம். பக்ரீத்துக்கோ கோவில் நேர்ச்சைக்கோ கொழுக்க வைக்கிற கிடாக்கள் இப்படிப் போவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வயிறு ஊதிச் செத்தது, விஷப்பூச்சி கடித்தது என்று அப்போது பேசிக்கொள்வோம்.

கிடா வாலை ஆட்டி ஆட்டி முக்கும், பல்லை நறநறவென்று கடிக்கும், கத்தும். ஆண்குறி மயிரில் வெள்ளை உப்பு ஒட்டியிருக்கும். ஒருநாள் கழித்து முக்குவது திடீரென்று நிற்கும், ஆடு அமைதியாகும். சரியாயிடுச்சு என்று நாம் நிம்மதியாவோம். அதுதான் பை வெடித்த நேரம், வலி போனதால் வந்த அமைதி. மூத்திரக்குழாய் உடைந்தால் வயிற்றுக்கடித் தோலுக்குள் மூத்திரம் புகுந்து தொப்புளுக்கு முன்வரை கொழகொழவென்று வீங்கும். அடைபட்ட நிலையிலும் நெருஞ்சில் கஷாயம் கூடாது, ஊறுகிற மூத்திரம் கூடினால் வெடிப்பதுதான் சீக்கிரமாகும். அந்த ஒருநாளுக்குள் மருத்துவர் நுனிப் புழுவை வெட்டியோ, பையில் நேராகக் குழாய் வைத்து வடித்தோ பிழைக்க வைக்க வாய்ப்பு இருக்கிறது.

வராமல் தடுப்பதில்தான் நம் கை ஓங்கும். தவிடும் சோறும் மொத்தத் தீனியில் சிறு பங்காக இருக்கட்டும். அகத்தி, சூபாபுல், வேலி மசால், நிலக்கடலைக் கொடி என்று கால்சியம் உள்ள தழை தினமும் வேண்டும். தீனியில் கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்ற கணக்கு. தொட்டியில் சுத்தமான தண்ணீர் எந்நேரமும், கூடவே தொங்கவிட்ட உப்புக்கட்டி. உப்பு நக்கினால் தண்ணீர் குடிக்கும், தண்ணீர் குடித்தால் மணல் படியாது. காயடிப்பதை நாலைந்து மாதம்வரை தள்ளிப்போடலாம். நெருஞ்சில், வாழைத்தண்டு எல்லாம் நோயில்லாத இந்தக் காலத்துக்குச் சரி.

மறுபடி குதிரைக்குட்டிக்கு. மருத்துவரைக் கூப்பிடும்போது 'டாக்டரய்யா, குட்டி டல்லா இருக்கு' என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? 'டாக்டரய்யா, ஆண்குட்டி, பிறந்து ரெண்டு நாள் ஆச்சு, முதல் மூத்திரம் எட்டு மணி நேரத்துல விட்டுச்சு, இன்னைக்குக் காலையிலிருந்து சொட்டுச் சொட்டாத்தான் வருது, முதுகைத் தொய்ய விட்டு முக்குது, கருப்பு லத்தி நேத்தே போட்டுடுச்சு, தொப்புள் காஞ்சிருக்கு, வயிறு நேத்தைவிடப் பெருசு' என்று சொல்லுங்கள். இதைச் சொல்ல வேண்டுமானால் கொட்டகைச் சுவரில் கரிக்கோடு போட்டாவது நேரம் குறித்திருக்க வேண்டும். வண்டியில் ஏற்றும்போது குட்டியின் வயிற்றை அமுக்கித் தூக்காமல், மார்புக்கு முன்னால் ஒரு கை, பின்தொடைக்குப் பின்னால் ஒரு கை கொடுத்துத் தூக்குங்கள். தரையில் வைக்கோல் தடிமனாகப் பரப்புங்கள். தாயையும் கூடவே ஏற்றுங்கள். ஆபரேஷன் முடிந்து குட்டி எழுந்ததும் அது தேடுவது மடியைத்தான். அதுவரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைக் கறந்து மடி வற்றாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் கூடப் போகணும்.